திருநங்கையரும் நம் சங்கங்களும்

ஆண்டுதோறும் மகாசபை கூடும்போது வரவு செலவுக் கணக்கையும், லாபப் பிரிவினையையும், நிர்வாகக் குழுத் தேர்தலையும் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கிறோம். அங்கத்தினராக விரும்பி நம் வாசலுக்கு வந்தவருள் யாரைச் சேர்த்தோம், யாரைச் சேர்க்காமல் விட்டோம் என்ற கணக்கை மட்டும் எவரும் கேட்பதில்லை. ஐந்தொகையில் அதற்கு இடமும் இல்லை. அந்தக் கணக்கைக் குறித்தே இம்மாதம் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் ஒரு நெசவாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தேன். நெசவுக் குடும்பம் ஒன்றில் பிறந்த திருநங்கை ஒருவர் அங்கத்தினராகச் சேர மனுக் கொடுத்தார். தார் சுற்றவும் நாடா எறியவும் சிறு வயதிலேயே பழகியவர். பதினாறாம் வயதில் வீட்டை விட்டுப் போனார். போகும்படி செய்தார்கள் என்பதே சரி. வெளியூர்களில் பல ஆண்டு அலைந்தபின், தாயாருக்குக் கண் மங்கிவிட்டது என்று கேள்விப்பட்டுத் திரும்பி வந்து, அந்த அம்மையாரின் தறியில் உட்கார்ந்தார். தாயாரின் அங்கத்தினர் எண்ணில் சேலைகள் சங்கத்துக்கு வந்தன. நெய்த கை எது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சேலை ஒன்றுகூடத் தரம் குறைந்ததென்று திருப்பப்படவில்லை.

தாயார் காலமானார். பங்குத் தொகை, நியமனப் பத்திரத்தில் கண்டபடி மூத்த மகனுக்குப் போயிற்று. தறி மட்டும் இவரிடம் நின்றது. தம் பெயரில் பங்கு வாங்கி, தம் பெயரில் நூல் பெற விரும்பி மனுச் செய்தார். மனு குழுவின் முன் வந்தது. எவரும் எதிர்த்துப் பேசவில்லை. "அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாமே" என்றார் ஒருவர். அடுத்த கூட்டத்திலும் அப்படியே ஆயிற்று. அதற்கடுத்த கூட்டத்திலும் அப்படியே. மறுத்தவர் ஒருவரும் இல்லை. ஏற்றவரும் ஒருவரும் இல்லை. பேசாமல் இருந்தவர்களுள் நானும் ஒருவன்.

ஒரு நாள் சங்க வாசலில் அவர் என்னை நிறுத்தி, "என் மனு என்னாயிற்று, ஐயா?" என்று கேட்டார். "பார்க்கலாம்" என்றேன். அம்மா என்று அழைக்க நா எழவில்லை. "சேலை மட்டும் வேண்டும், ஆள் வேண்டாமா, ஐயா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். சில மாதங்களில் தறியை விற்றுவிட்டு ஊரைவிட்டே சென்றார் என்று அறிந்தேன். சங்கம் ஒரு நல்ல நெசவாளியை இழந்தது. அவர் எதை இழந்தார் என்பதை அளந்து சொல்ல எனக்குத் தகுதியில்லை.

மரபு எதைக் கூறுகிறது?

"இது நம் மரபுக்கு ஒவ்வாதது" என்று சிலர் கூறுவதைக் கேட்டிருக்கிறேன். மரபை அறியாமல் மரபைத் துணைக்கு அழைப்பது முறையன்று. தமிழின் தொன்மையான இலக்கண நூலாகிய தொல்காப்பியம், சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில், ஆண்மை திரிந்த பெயர்களை உயர்திணையிலேயே வைத்து, உயர்திணைக்குரிய வினைமுடிபையே அவற்றுக்கும் கூறுகிறது. அஃதாவது, மக்கள் வரிசையிலிருந்து இவர்களை விலக்க நம் இலக்கணம் இடம் கொடுக்கவில்லை. இலக்கணம் கொடுத்த இடத்தை ஊர் கொடுக்க மறுப்பது விந்தையே.

தறிகளின் ஓசை நிறைந்த திருச்செங்கோட்டில் மலைமேல் எழுந்தருளியிருப்பவர் அர்த்தநாரீசுவரர். ஆணும் பெண்ணும் ஓருருவில் நிற்கும் அத்திருமேனியை வணங்கிவிட்டுத் தொழிலைத் தொடங்கும் நெசவாளர் பலர். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரைத் திங்களில் கூத்தாண்டவர் திருவிழா நடக்கிறது. களப்பலியான அரவானுக்காகத் திருநங்கையர் ஆயிரக்கணக்கில் கூடித் தாலி கட்டிக்கொள்கின்றனர். மறுநாள் அதை அறுத்து ஒப்பாரி வைக்கின்றனர். அந்நாளில் ஊர் அவர்களுக்கு இடம் தருகிறது. திருவிழா முடிந்த மறுநாள் அவர்கள் என்ன தொழில் செய்து பிழைப்பது என்று ஊர் கேட்பதில்லை.

கேட்ட மன்னன் ஒருவனைப் பாரதக் கதை நமக்குக் காட்டுகிறது. அஞ்ஞாதவாச ஆண்டில் அருச்சுனன் பேடி வடிவில் பிருகந்நளை என்ற பெயருடன் விராடனின் அரண்மனைக்கு வந்தான். ஆடலும் பாடலும் தெரியும் என்று கூறியவரை விராடன் பிச்சையிட்டு அனுப்பவில்லை. மகள் உத்தரைக்கு ஆசிரியராக நியமித்தான். பகைவர் பசுக்கூட்டத்தைக் கவர்ந்தபோது, நடுங்கிய இளவரசனுக்குத் தேரோட்டிச் சென்று பசுக்களை மீட்டுத் தந்தவரும் அந்தப் பிருகந்நளையே. "உனக்கு என்ன தொழில் தெரியும்?" என்ற கேள்வியே இக்கதையில் மன்னனுக்குப் பெருமை தருகிறது. நாம் மரபிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் அக்கேள்வியே.

மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. பேடி என்ற சொல்லைக் கோழைக்கு ஏசலாக வழங்கியதும் இதே மரபுதான். புதுமனை புகும்போதும், கடை திறக்கும்போதும் இவர்களிடம் ஆசி பெற்று நாணயம் கொடுப்பதை நாம் மரியாதை என்று எண்ணுகிறோம். ஆசி கொடுப்பவரைத் திண்ணைக்கு அப்பால் விடாத மரியாதை அது. கையில் காசு வைப்பதோடு நம் கடமை முடிந்ததென்று கருதினால், அவர்கள் காலம் முழுவதும் கை நீட்டியே நிற்க வேண்டும் என்பது அதன் பொருளாகிறது.

சட்டம் பறித்ததும் சட்டம் கொடுத்ததும்

இந்நிலைக்கு ஊரார் மட்டுமே பொறுப்பல்லர். 1871 ஆம் ஆண்டில் ஆங்கில அரசு இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, வட இந்தியாவின் சில மாகாணங்களில் இத்தகையோரைப் பதிவேட்டில் எழுதிக் காவல் துறையின் கண்காணிப்பில் வைத்தது. பெண் உடையில் பொதுவிடத்தில் தோன்றுவதும், கூலிக்கு ஆடுவதும் குற்றம் ஆயின. பதிவேட்டில் பெயர் ஏறியவர் தானப் பத்திரமோ உயிலோ எழுத முடியாது. சுவீகாரம் எடுக்க முடியாது. பொருளுக்கும் வாரிசுக்கும் உள்ள தொடர்பையே அச்சட்டம் அறுத்தது. பொருள் சேர்த்து யாருக்கும் வைத்துப் போக முடியாதவர் முதலீடு செய்வார் என்று எவ்வாறு எதிர்பார்க்க முடியும்?

சுதந்திர இந்தியாவில் நிலை மெல்ல மாறியது. தமிழக அரசு 2008 ஆம் ஆண்டில் இவர்களுக்கென ஒரு நல வாரியத்தை அமைத்தது. ஏளனச் சொற்கள் விலகித் திருநங்கை என்ற அழகிய சொல் நிலைபெற்றது. பிறப்பில் பெண்ணாகக் கருதப்பட்டு ஆணாக வாழ்பவரைத் திருநம்பி என்கிறோம். 2014 ஏப்ரல் 15 ஆம் நாள் உச்ச நீதிமன்றம், தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில், இவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்று, அரசியலமைப்பு தரும் உரிமைகள் யாவும் இவர்களுக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. 2019 இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், கல்வி, தொழில், குடியிருப்பு ஆகியவற்றில் இவர்களை வேறுபடுத்தி நடத்துவதைத் தடை செய்ததோடு, மாவட்ட ஆட்சித் தலைவர் அடையாளச் சான்று வழங்கவும் வகை செய்தது.

சட்டம் வாசலைத் திறந்தது. உள்ளே இருக்கும் நாம் நாற்காலி போட்டோமா?

வேலையும் வீடும் சந்தையும்

இரண்டு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2017 இல் கேரளத்தின் கொச்சி மெட்ரோ ரயில் தொடங்கியபோது, பெண்களின் சுயஉதவி அமைப்பாகிய குடும்பஸ்ரீ வாயிலாகத் திருநங்கையர் 23 பேருக்கு வேலை கொடுக்கப்பட்டது. நாடே பாராட்டியது. ஆனால் சில நாட்களிலேயே அவர்களுள் சிலர் வேலையை விட நேர்ந்தது. வேலை செய்யத் தெரியாமல் அன்று. அந்நகரில் அவர்களுக்கு வாடகைக்கு வீடு கொடுப்பார் இல்லை. நாள் வாடகை விடுதியில் தங்கினால் சம்பளம் போதவில்லை. வேலை கொடுத்தவர் ஒருவர். வீடு மறுத்தவர் பலர்.

தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டியை அடுத்த மந்தித்தோப்பில் நடந்தது வேறு. அங்கே திருநங்கையருக்கு மாவட்ட நிர்வாகத்தின் உதவியால் குடியிருப்பு அமைந்தது. 2020 ஆம் ஆண்டில் அவர்களுள் ஏறத்தாழ முப்பது பேர் ஒன்று கூடித் தங்களுக்கென ஒரு பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கத்தை ஏற்படுத்தினர். திருநங்கையரே அங்கத்தினராக உள்ள இத்தகைய பால் சங்கம் நாட்டிலேயே அதுதான் முதலாவது என்று அப்போது கூறப்பட்டது. வீடு, மாடு, சங்கம் என்ற மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்ததே அதன் சிறப்பு.

ஒரு கறவை மாட்டை மட்டும் ஒருவருக்கு இலவசமாகக் கொடுத்துப் பாருங்கள். காலையில் கறந்த பாலை வாங்க ஆள் இல்லையென்றால் மாலைக்குள் அது கெட்டுவிடும். தீவனத்துக்குக் கடன் வாங்கினால் மாடே கடன்காரனுக்குப் போய்விடும். அதே மாட்டுக்குப் பின்னால் ஒரு சங்கம் இருந்தால் பால் நாள்தோறும் விலையாகும். சங்கத்தில் பாலின் கொழுப்பையும் இதர சத்தையும் சோதித்து விலை போடுகிறோமே தவிர, கறந்தவர் யார் என்று எந்தக் கருவியும் கேட்பதில்லை. நெசவிலும் அப்படியே. நூலைச் சங்கம் தருகிறது. துணியைச் சங்கம் எடுத்துக்கொள்கிறது. 1935 இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் அதை விற்றுத் தருகிறது. இவ்வமைப்பு இல்லாத தனி நெசவாளி, நூலுக்கு ஒரு வணிகரிடமும் விற்பனைக்கு மற்றொரு வணிகரிடமும் கட்டுண்டு கிடப்பதை நாம் நம் பாட்டனார் காலத்திலிருந்து அறிவோம்.

சுயதொழிலுக்கு மானியம் தரும் திட்டங்கள் திருநங்கையருக்கு உண்டு. அவற்றைக் குறை கூறவில்லை. மானியம் ஒரு தையல் இயந்திரத்தையோ ஒரு தறியையோ வாங்கித் தரும். ஒரு சந்தையை வாங்கித் தராது. மானியம் ஒருமுறை வருவது; சங்கம் நாள்தோறும் இருப்பது. இக்காலத்தில் சமூகத் தொழில் நிறுவனம் என்ற பெயர் பெரிதும் அடிபடுகிறது. லாபத்தை மட்டும் நோக்காது, நலிந்தோரை உடன் சேர்த்துத் தொழில் நடத்துவதற்கு இப்பெயரை இட்டிருக்கிறார்கள். நல்லது. நம் நாட்டில் 1904 ஆம் ஆண்டின் சட்டம் தொடங்கி நாம் செய்துவரும் காரியத்துக்கு இப்போது புதுப்பெயர் கிடைத்திருக்கிறது என்றே நான் கொள்கிறேன். ஜாமீன் கொடுக்க ஆளின்றி லேவாதேவிக்காரரிடம் சிக்கிய குடியானவருக்காகப் பிறந்தது நம் இயக்கம். இன்று ஜாமீனும் இன்றி, பிறந்த வீட்டின் துணையும் இன்றிக் கந்துவட்டியில் சிக்கி நிற்பவருள் திருநங்கையரும் உண்டு.

ஆட்சேபங்கள்

இனி, நம் அங்கத்தினர் மனத்தில் எழக்கூடிய ஆட்சேபங்களை நேராகவே எடுத்துக்கொள்வோம்.

"இவர்கள் ஓரூரில் நிலைத்திருப்பதில்லை, கடன் கொடுத்தால் திரும்புமா?" என்பது ஒன்று. நிலைத்திருக்க விடாதவர் யார் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். வீடும் தொழிலும் உள்ளவர் ஏன் ஊரை விடப் போகிறார்? அன்றியும், அங்கத்தினர் ஆனவுடனே பெருங்கடன் கொடுக்குமாறு எவரும் கேட்கவில்லை. ஒரு பாவுக்கு நூல் கொடுத்து, துணி வந்தபின் அடுத்த பாவுக்குக் கொடுப்பதே நம் வழக்கம். அவ்வழக்கம் இவருக்கும் போதும்.

"பெண் அங்கத்தினர் சங்கடப்படுவார்கள்" என்பது மற்றொன்று. இதைச் சொல்பவர் பெரும்பாலும் ஆண்களாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். நம் பெண் அங்கத்தினரையே கேட்டுப் பார்க்கலாம். கொச்சியில் இவர்களுக்கு வேலை வாங்கித் தந்த அமைப்பு பெண்களின் அமைப்பே.

"பத்திரங்களில் பெயர் வேறு, ஆள் வேறாக இருக்கிறதே" என்பார் காரியதரிசி. நியாயமான கவலை. திருமணத்தால் தலைப்பெழுத்து மாறிய பெண்களின் பத்திரங்களை நாம் ஏற்கவில்லையா? அடையாளச் சான்றும், அரசிதழில் வெளியான பெயர் மாற்றமும் உரிய ஆதாரங்களே. இரண்டு தாள்களைச் சேர்த்துத் தைத்து வைக்கும் வேலையை விட இதில் சிரமம் ஒன்றும் இல்லை.

"அவர்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்துக் கொடுத்துவிட்டால் என்ன?" என்று நல்லெண்ணத்தோடு கேட்பவரும் உண்டு. மந்தித்தோப்பைப் போல ஓரிடத்தில் பலர் கூடி வாழ்ந்தால் அது சிறந்த வழி. ஆனால் 2011 மக்கள் தொகைக் கணக்கின்படி தமிழகம் முழுவதிலும் ஆண், பெண் அல்லாத பிரிவில் பதிவானவர் 22,364 பேரே. உண்மைத் தொகை இதனினும் கூடுதல் என்று கொண்டாலும், நம் ஊர் ஒவ்வொன்றிலும் ஒருவரோ இருவரோதான் இருப்பர். ஒருவரை வைத்துச் சங்கம் அமைக்க முடியாது. அந்த ஒருவருக்கு நம் சங்கமே சங்கம்.

நாம் செய்ய வேண்டுவன

1844 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் தொடங்கிய சங்கமே நம் இயக்கத்துக்கு வழிகாட்டி என்பதைப் பயிற்சி வகுப்புகளில் எல்லோரும் படித்திருக்கிறோம். 1846 இல் எலிசா பிரையர்லி என்ற பெண்மணியை அவர்கள் அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மணமான பெண் தன் பெயரில் தனிச் சொத்து வைத்துக்கொள்ள அந்நாட்டுச் சட்டம் இடம் தராத காலம் அது. அங்கே சட்டத்துக்கு முன்பே சங்கம் நடந்தது. இங்கே சட்டம் வந்தபின்னும் சங்கம் தயங்கி நிற்கலாமா? 1995 இல் அகில உலகக் கூட்டுறவு இணையம் வெளியிட்ட கொள்கைகளுள் முதலாவது, பாலினம், சமூகம், இனம், அரசியல், சமயம் ஆகிய எவ்வேற்றுமையும் பாராத திறந்த அங்கத்தினர் முறை என்பதாகும். நம் சங்கச் சுவர்களில் கொள்கைகளை எழுதி வைத்திருக்கிறோம். முதல் வரியை மறுபடி ஒருமுறை படித்தல் நன்று.

ஆகவே, வரும் மகாசபைக்கு முன் ஒவ்வொரு சங்கமும் செய்யக்கூடிய காரியங்கள் சிலவற்றை முன்வைக்கிறேன். முதலாவது, அங்கத்தினர் மனுப் படிவத்தில் ஆண், பெண் என்பதோடு திருநங்கை, திருநம்பி என்பதையும் அச்சிட வேண்டும். இரண்டாவது, எவருடைய மனுவும் இரண்டு கூட்டங்களுக்கு மேல் கிடப்பில் இருத்தல் ஆகாது. மறுப்பதாயின் காரணத்தை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். எழுதக் கூசும் காரணம், காரணமே அன்று. மூன்றாவது, திருநங்கையர் தம்முள் தாய் மகள் என்று உறவு ஏற்று, முதுமையில் ஒருவரையொருவர் காக்கும் வழக்கம் உடையவர்கள். அப்படி ஏற்ற மகளை நியமனதாரராகக் குறிப்பிட விரும்பினால், விதிகள் இடம் தரும் அளவுக்குச் சங்கம் மனமுவந்து பதிவு செய்துகொள்ள வேண்டும். 1871 இன் சட்டம் பறித்ததை ஒரு படிவத்தின் ஒரு வரியால் நாம் திருப்பிக் கொடுக்கலாம். நான்காவது, சங்கத்தில் எவரையும் அவர் ஏற்றுக்கொண்ட பெயராலேயே அழைக்க வேண்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை. எனக்கு அன்று வராத சொல் இதுவே என்பதால் இதை வற்புறுத்துகிறேன்.

ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு என்பது நம் விதி. நூறு பங்கு உடையவருக்கும் ஒரு பங்கு உடையவருக்கும் மகாசபையில் கை ஒன்றுதான். கடைத்தெருவில் நாணயத்துக்காக நீளும் கையை, தீர்மானத்துக்காக உயரும் கையாக மாற்றும் வல்லமை அரசாங்கத்தைவிட நமக்கு அதிகம் உண்டு.

அந்தத் தறியை விலைக்கு வாங்கியவர் நம் அங்கத்தினருள் ஒருவரே. அது இன்றும் ஓடுகிறது. அதன் சேலைகள் இன்றும் சங்கத்துக்கு வருகின்றன. அதன் முன் உட்கார்ந்திருந்தவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. எந்த ஊரில் இருந்தாலும், அவ்வூரில் ஒரு சங்கம் இருக்கும். அவர் மனுவோடு வரும் நாளில், அங்குள்ள நிர்வாகக் குழுவினர் எங்களைப் போல வாளாவிருக்காமல் அவரைச் சேர்த்துக்கொள்வார்களாக.